மலையைத் தாண்டும் சாலை

2021ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் இரவு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொலராடோ மாநிலத்தில் கிளென்வுட் என்னும் மலை இடுக்கு வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் பெருமழை கொட்டியது. முந்தைய ஆண்டு காட்டுத் தீயில் கருகிப்போன மலைச்சரிவுகளிலிருந்து சேறும் பாறையும் மரத்துண்டுகளும் கலந்த குழம்பு சாலையின் மேல் சரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் இரவு முழுவதும் அங்கேயே சிக்கிக்கொண்டனர். சிலர் அருகிலிருந்த சுரங்கப் பாதைக்குள் தங்கினர்.

அந்த இடுக்கின் நீளம் 20 கிலோமீட்டர்தான். சாதாரண நாளில் கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால் சாலை அடைபட்ட இரண்டு வாரங்களும் வண்டிகள் வடக்கே ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் வழியாகப் பல மணி நேரம் சுற்றிச் சென்றன. பழம் ஏற்றிய லாரி, மருந்து ஏற்றிய லாரி, மருத்துவமனைக்குப் போகும் நோயாளி, விடுதியில் அறை பதிவு செய்திருந்த சுற்றுலாப் பயணி ஆகிய எல்லோருக்கும் அதே சுற்றுவழிதான்.

இருபது கிலோமீட்டர் சாலை இல்லையென்றால் ஒரு பிரதேசமே தடுமாறுமா? தடுமாறும் என்பதை அந்த இரண்டு வாரங்கள் காட்டின. ஒரு நெடுஞ்சாலை ஒரு பிரதேசத்தின் வாழ்க்கையோடு எப்படிப் பின்னிக்கொள்கிறது, அதில் இயற்பியலுக்கு என்ன பங்கு என்பதை இந்தக் கட்டுரையில் காண்போம். நாம் எடுத்துக்கொள்ளும் சாலை, அமெரிக்காவின் 70ஆம் எண் மாநிலங்களிடை நெடுஞ்சாலை.

சாலை பிறந்த கதை

1919ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவம் ஒரு சோதனை செய்தது. கிழக்கே வாஷிங்டனிலிருந்து மேற்கே சான் பிரான்சிஸ்கோ வரை இராணுவ வண்டிகளின் அணி ஒன்றை அனுப்பியது. ஏறத்தாழ 5,200 கிலோமீட்டர் தூரம். எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா? 62 நாட்கள்! ஒரு நாளைக்குச் சராசரி 84 கிலோமீட்டர். வண்டிகள் சேற்றில் புதைந்தன, மரப்பாலங்கள் முறிந்தன. அந்த அணியில் பார்வையாளராகச் சென்ற இளம் அதிகாரி ஒருவர் இதையெல்லாம் மறக்கவில்லை. அவர் பெயர் டுவைட் ஐசன்ஹோவர்.

இரண்டாம் உலகப் போரில் நேசப் படைகளின் தளபதியாக அவர் ஜெர்மனிக்குச் சென்றபோது அங்கிருந்த அகன்ற விரைவுச் சாலைகளைக் கண்டார். பின்னர் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான அவர், 1956ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் நெடுஞ்சாலைச் சட்டம் ஒன்றில் கையெழுத்திட்டார். நாடு முழுவதும் 41,000 மைல், அதாவது ஏறத்தாழ 66,000 கிலோமீட்டர் விரைவுச் சாலைகள் அமைப்பது திட்டம். செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மத்திய அரசுடையது. பத்துப் பங்கு அந்தந்த மாநிலத்துடையது. பணத்திற்கு வழி? பெட்ரோல் மீதான மத்திய வரி காலனுக்கு 2 சென்ட்டிலிருந்து 3 சென்ட்டாக உயர்த்தப்பட்டது. அந்த வரி நெடுஞ்சாலை நிதி என்ற தனிக் கணக்கில் சேர்ந்தது. சாலையைப் பயன்படுத்துவோரே சாலைக்குப் பணம் தரவேண்டும் என்பது கருத்து. இந்தக் கருத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

பதின்மூன்று ஆண்டுகளில் 2,500 கோடி டாலர் செலவில் முடியும் என்று கணக்கிட்டார்கள். முடிய 35 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. செலவும் 11,000 கோடி டாலரைத் தாண்டியது. இன்று இச்சாலைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 78,000 கிலோமீட்டர். இது அந்நாட்டுச் சாலைகளின் மொத்த நீளத்தில் நூற்றில் ஒரு பங்குதான். ஆயினும் வண்டிகள் ஓடும் மொத்தத் தூரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவற்றின் மேல்தான் நிகழ்கிறது.

இச்சாலைகளுக்கு எண் கொடுத்ததிலும் ஓர் ஒழுங்கு உண்டு. வடக்கு தெற்காகச் செல்பவற்றிற்கு ஒற்றைப்படை எண். கிழக்கு மேற்காகச் செல்பவற்றிற்கு இரட்டைப்படை எண். ஒற்றைப்படை எண்கள் மேற்கிலிருந்து கிழக்கே போகப் போகக் கூடும். இரட்டைப்படை எண்கள் தெற்கிலிருந்து வடக்கே போகப் போகக் கூடும். ஆகவே 5ஆம் எண் மேற்குக் கடற்கரையோரம். 95ஆம் எண் கிழக்குக் கடற்கரையோரம். 70 என்றதுமே, அது கிழக்கு மேற்காக, நாட்டின் நடுப்பகுதியில் ஓடும் சாலை என்று நீங்களே சொல்லிவிடலாம். கிழக்கே மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோரிலிருந்து மேற்கே யூட்டா மாநிலத்துக் கோவ் ஃபோர்ட் வரை அதன் நீளம் சுமார் 3,460 கிலோமீட்டர்.

சிவப்பு விளக்கின் விலை

விரைவு நெடுஞ்சாலை என்றால் வெறும் அகலமான சாலை என்று எண்ணக்கூடாது. அதன் முக்கியமான இலக்கணம், குறுக்குச் சாலை எதுவும் அதை வெட்டாது என்பதே. குறுக்கே வரும் சாலைகள் மேம்பாலத்தின் மேலோ கீழோ சென்றுவிடும். எனவே சிவப்பு விளக்கு கிடையாது. நின்று புறப்படும் வேலை கிடையாது.

இதில் மிச்சமாவது நேரம் மட்டும்தானா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் சரக்கு லாரி ஒன்றின் மொத்த எடைக்கு வரம்பு 80,000 பவுண்டு. ஏறத்தாழ 36,000 கிலோகிராம். அது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 27.8 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல், நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கக் கிடைப்பது. அது சுமார் 1.4 கோடி ஜூல்.

லாரி நின்றால் இந்த ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாகிப் போய்விடும். மீண்டும் அதே வேகத்தை எட்ட எஞ்சின் அதைப் புதிதாகத் தரவேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 3.6 கோடி ஜூல் ஆற்றல் உள்ளது. நல்ல எஞ்சின் அதில் நூற்றுக்கு நாற்பது பங்கைத்தான் பயனுள்ள வேலையாக மாற்றும். அது சுமார் 1.4 கோடி ஜூல். விடையைக் கவனித்தீர்களா? முழுச் சுமையோடு விரைந்து வரும் லாரியை ஒரு முறை நிறுத்திப் புறப்பட வைத்தால் ஒரு லிட்டர் டீசல் வீண்! சாலை நெடுகச் சந்திப்புகள் இருந்தால் அந்தச் செலவு முழுவதும் சரக்கின் விலையில்தான் ஏறும். குறுக்குச் சாலைகளை ஒழித்தது ஏன் பொருளாதாரச் செய்தி ஆகிறது என்று இப்போது விளங்குகிறதல்லவா?

மலை குறுக்கிட்டது

70ஆம் எண் சாலை முதலில் கொலராடோவின் தலைநகரான டென்வரோடு நின்றுவிடுவதாகத்தான் இருந்தது. காரணம், டென்வருக்கு மேற்கே ராக்கி மலைகள் சுவர்போல எழுந்து நிற்கின்றன. 1869இல் நிறைவடைந்த முதல் கண்டம் தாண்டும் இருப்புப்பாதையும் இந்த மலைக்கு அஞ்சி, டென்வரை விட்டு விலகி, வடக்கே வயோமிங் வழியாகச் சென்றுவிட்டது. 1928இல் மாஃபட் சுரங்கம் திறந்த பிறகுதான் டென்வருக்கு மேற்கே நேரான இரயில் வழி கிடைத்தது. பெருவழி நம்மை விட்டு விலகிப் போனால் வாணிகமும் விலகிப் போகும் என்பது கொலராடோ மக்கள் பட்டறிந்த பாடம். ஆகவே எட்வின் ஜான்சன் போன்ற தலைவர்கள் சாலையை மேற்கே நீட்டவேண்டும் என்று வாதாடினர். 1957இல் சாலை யூட்டா வரை நீட்டப்பட்டது.

அதுவரை இருந்த பழைய சாலை லவ்லண்டு கணவாயின் மேல் ஏறி இறங்கியது. அதன் உயரம் 3,655 மீட்டர். நம் நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர்தான். அதைவிட ஆயிரம் மீட்டர் உயரத்தில், பனிப்புயலும் பனிச்சரிவும் உள்ள இடத்தில், வளைந்து வளைந்து லாரிகள் போகவேண்டியிருந்தது.

இதற்கு மாற்றாக மலையைக் குடைய முடிவு செய்தார்கள். 1968இல் வேலை தொடங்கியது. பாறையில் இருந்த பிளவுகளும் பொடிந்த மண்ணும் பெருந்தொல்லை கொடுத்தன. 1973ஆம் ஆண்டு மார்ச்சில் முதல் குடைவு திறக்கப்பட்டு ஐசன்ஹோவர் பெயரைப் பெற்றது. 1979 டிசம்பரில் அதன் அருகே இரண்டாவது குடைவு திறக்கப்பட்டு ஜான்சன் பெயரைப் பெற்றது. ஒவ்வொன்றின் நீளமும் சுமார் 2.7 கிலோமீட்டர், உயரம் கடல் மட்டத்திலிருந்து 3,401 மீட்டர்.

இச்சுரங்கம் ஒரு மூடநம்பிக்கையையும் உடைத்தது. சுரங்கத்திற்குள் பெண் நுழைந்தால் கேடு விளையும் என்று தொழிலாளர் பலர் நம்பினர். ஜேனட் போனமா என்ற பெண், நெடுஞ்சாலைத் துறையில் பொறியியல் நுட்பப் பணியாளர். அவர் செய்யவேண்டிய அளவைப் பணி சுரங்கத்திற்குள், அனுமதியோ இல்லை. அவர் வழக்குத் தொடுத்தார். 1972 நவம்பரில் உள்ளே சென்றார். சிலர் வேலையை விட்டு வெளியேறினர். சுரங்கம் இடிந்து விழவில்லை; வேலை நடந்தது.

சுரங்கத்தால் கிடைத்த இலாபம் என்ன? தூரத்தில் சுமார் 14.6 கிலோமீட்டர் குறைந்தது. உயரத்தில் 254 மீட்டர் குறைந்தது. 36,000 கிலோகிராம் லாரியை 254 மீட்டர் உயர்த்தத் தேவையான நிலையாற்றல் சுமார் 9 கோடி ஜூல். முன்பு கண்ட கணக்கின்படி அதற்கு ஆறு லிட்டருக்கு மேல் டீசல் வேண்டும். குறைந்த தூரத்திற்கும் ஏறத்தாழ அவ்வளவே மிச்சம். ஆக, ஒவ்வொரு முறையும் ஒரு லாரிக்குச் சுமார் 12 லிட்டர். இன்று ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் சுரங்கத்தைக் கடக்கின்றன. எல்லாம் லாரி அல்ல என்றாலும், சேமிப்பு எவ்வளவு பெரிது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

எனினும் பெட்ரோல் போன்ற எளிதில் தீப்பற்றும் சரக்கை ஏற்றிய லாரிகள் இன்றும் பழைய கணவாயின் வழியாகத்தான் செல்லவேண்டும். மூடிய குழாய் போன்ற சுரங்கத்தில் தீப்பிடித்தால் புகையும் வெப்பமும் வெளியேற வழியில்லை என்பதே காரணம். பனிப்புயலால் கணவாய் மூடப்பட்டால் மட்டும், மற்ற வண்டிகளை நிறுத்திவிட்டு அவற்றைச் சுரங்கத்தின் வழியே விடுவார்கள்.

ஏறுவதைவிட இறங்குவது கடினம்

மலைப்பாதையில் பேருந்தில் போயிருக்கிறீர்களா? ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்று அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சொல்வார்கள். இதன் உட்பொருளை ஆராய்வோம்.

சுரங்கத்திலிருந்து டென்வர் நகரம் 1,800 மீட்டர் தாழ்வில் உள்ளது. 36,000 கிலோகிராம் லாரி அவ்வளவு தூரம் கீழே இறங்கினால் அது இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 63 கோடி ஜூல். ஆற்றல் அழிவதில்லை, வேறு வடிவம்தான் எடுக்கும். லாரியின் வேகம் கூடக்கூடாது என்றால் அத்தனை ஆற்றலும் வெப்பமாக வெளியேற வேண்டும். 30 டிகிரி வெப்பமுள்ள தண்ணீரை 100 டிகிரிக்குக் கொதிக்கவைக்க அதைப் பயன்படுத்துவதாக வைத்துக்கொண்டால், 2,100 லிட்டருக்கு மேல் கொதிக்கும்! ஒரு வீட்டு மாடித் தொட்டியில் இருக்கும் தண்ணீரைவிட அது அதிகம்.

இனி, எவ்வளவு விரைவில் அந்த வெப்பம் உண்டாகிறது என்று பார்ப்போம். சுரங்கத்தின் கிழக்கே பல கிலோமீட்டருக்குச் சரிவு நூற்றுக்கு ஆறு; அதாவது 100 மீட்டர் போனால் 6 மீட்டர் இறக்கம். அந்தச் சரிவில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், புவியீர்ப்பு விசை லாரிக்குத் தரும் திறன் சுமார் 300 கிலோவாட். அதாவது 400 குதிரைத்திறன். பெரிய லாரி எஞ்சினின் முழுத் திறனும் ஏறத்தாழ இவ்வளவுதான். எந்த வேகத்தில் எஞ்சினால் லாரியை ஏற்ற முடியுமோ, அந்த வேகத்தில் இறங்கும்போது எஞ்சின் தரும் அளவு திறனை நாம் அகற்றியாக வேண்டும். ஓட்டுநர்களின் வாய்மொழி விதி ஆற்றல் அழியா விதியின் இன்னொரு வடிவமே!

தாழ்ந்த கியரில் வைத்தால் எஞ்சினே ஒரு காற்றழுத்தி போலச் செயல்பட்டு லாரியை இழுத்துப் பிடிக்கும். வெப்பமும் புகைபோக்கி வழியே வெளியேறும். அப்படிச் செய்யாமல் பிரேக்கை மட்டுமே நம்பினால் உருளைகள் பழுக்கக் காய்ந்து விரியும். உராய்வுத் தகட்டின் உராய்வுக் கெழு குறையும். மிதித்தாலும் பிடிக்காது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் மரப்பலகைகளை ஏற்றிய லாரி ஒன்று இந்தச் சாலையில் மலையிலிருந்து இறங்கியது. பிரேக் செயலிழந்தது. டென்வரை ஒட்டிய லேக்வுட் நகரில், நெரிசலில் நின்றுகொண்டிருந்த வண்டிகளின் மேல் அது மோதித் தீப்பிடித்தது. நான்கு பேர் மாண்டனர். வழியில், பிரேக் இழந்த வண்டிகள் ஒதுங்குவதற்கென்றே ஏற்றப்பாதை ஒன்று இருந்தது. ஓட்டுநர் அதில் ஏறவில்லை. அவருக்கு 23 வயது. நீதிமன்றம் 110 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இலட்சக்கணக்கானோர் இரக்கம் காட்ட வேண்டினர். 2021 டிசம்பரில் ஆளுநர் அதைப் பத்து ஆண்டுகளாகக் குறைத்தார்.

அந்த ஏற்றப்பாதை எப்படி வேலை செய்கிறது? சாலையின் ஓரத்தில் மேல்நோக்கிச் சரிந்த ஒரு கிளைப்பாதை. அதில் ஆழமாகக் கூழாங்கற்களை நிரப்பியிருப்பார்கள். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரியை வெறும் ஏற்றத்தால் நிறுத்த வேண்டுமானால் அது 56 மீட்டர் உயரம் ஏறவேண்டும். பத்துக்கு ஒன்று சரிவென்றால் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம் தேவை. கூழாங்கல்லில் சக்கரம் புதைந்து, லாரியின் எடையில் கால் பங்கு அளவுக்குத் தடைவிசை தருவதாகக் கொண்டால், அதே லாரி சுமார் 160 மீட்டரில் நின்றுவிடும். மோதாமல், நொறுங்காமல், ஆற்றல் முழுவதையும் கற்கள் வாங்கிக்கொள்கின்றன.

சாலையைத் தேய்ப்பவர் யார்?

பயன்படுத்துவோரே பணம் தரவேண்டும் என்ற கருத்துக்கு இப்போது திரும்புவோம். ஒரு காரும் ஒரு லாரியும் சாலைக்கு ஒரே அளவு தேய்மானமா தருகின்றன?

இதை அறிய 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்னும் ஊரருகே ஒரு பெரிய சோதனை நடந்தது. வெவ்வேறு கனமுள்ள சாலை வளையங்களை அமைத்து, வெவ்வேறு சுமை ஏற்றிய லாரிகளை ஈராண்டுகள் ஓயாமல் ஓட்டினார்கள். கிடைத்த முடிவு வியப்பானது. சாலைக்கு ஏற்படும் சேதம், ஓர் அச்சின் மேல் உள்ள எடையின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் உள்ளது!

நடுத்தரக் கார் ஒன்றின் அச்சில் 1 டன் எடை. லாரியின் ஓர் அச்சில் 8 டன் எடை என்று கொள்வோம். எடை எட்டு மடங்கு. சேதமோ 8 × 8 × 8 × 8, அதாவது 4,096 மடங்கு! லாரி காரைப்போல் நான்கைந்து மடங்கு எரிபொருள் குடித்து, அதற்கேற்ற வரி செலுத்தும். கனரக வண்டிகளுக்குத் தனி வரிகளும் உண்டு. ஆயினும் சேதம் ஆயிரக்கணக்கான மடங்கு. இடைவெளியை யார் நிரப்புகிறார்கள்? கார் ஓட்டுபவரும், பொதுவாக வரி செலுத்துபவரும்தான். மத்திய பெட்ரோல் வரியான காலனுக்கு 18.4 சென்ட் 1993க்குப் பின் உயர்த்தப்படவே இல்லை. 2008 முதல் நெடுஞ்சாலை நிதி பற்றாக்குறையில் விழ, பொது வருவாயிலிருந்து பணம் மாற்ற வேண்டியதாயிற்று.

லாரிகளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கடையில் நாம் வாங்கும் பொருளைக் கொண்டுவந்ததும் அந்த லாரிதான். ஆனால் ‘மலிவான போக்குவரத்து’ என்று நாம் சொல்லும்போது, விலைச்சீட்டில் எழுதப்படாத செலவு ஒன்று சாலையின் மேல் எழுதப்படுகிறது என்பதை உணரவேண்டும். மலைப்பகுதியில் இன்னொரு பகைவனும் உண்டு. வெடிப்பில் புகுந்த நீர் உறையும்போது அதன் கன அளவு நூற்றுக்கு ஒன்பது கூடும், சாலையைப் பிளக்கும். லாரி தொடங்கிய வெடிப்பைப் பனிக்கட்டி பெரிதாக்கும்.

வளர்ந்தவரும் வருந்தியவரும்

சாலையால் கொலராடோவின் மேற்குப் பகுதி மாறிப்போயிற்று. வேல் என்னும் ஊரில் 1962இல் பனிச்சறுக்கு மையம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே ஆட்டு மந்தைகள் மேய்ந்த பள்ளத்தாக்கு. சுரங்கமும் சாலையும் வந்தபின் டென்வர் மக்கள் காலையில் புறப்பட்டுச் சறுக்கி விளையாடிவிட்டு இரவில் வீடு திரும்பலாயினர். உலகப் புகழ்பெற்ற சுற்றுலாத் தலமாக அது வளர்ந்தது. மேற்கே பாலிசேடு என்னும் ஊரில் விளையும் பீச் பழம், ஏறத்தாழ 400 கிலோமீட்டர் கடந்து அன்றே டென்வர் சந்தையை எட்டுகிறது. விரைவில் அழுகும் பழத்திற்கு நேரமே விலை.

ஆனால் நாணயத்திற்கு மறுபக்கம் உண்டு. வார இறுதிகளில் சாலை திணறுகிறது. பாதுகாப்புக்காக முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் இடையே இரண்டு வினாடி இடைவெளி வேண்டும் என்றால், ஒரு தடத்தில் மணிக்கு 1,800 வண்டிகளே போகமுடியும். இரண்டு தடங்களில் 3,600. வேகத்தைக் கூட்டினாலும் இந்த எண் கூடாது. ஏனெனில் வரம்பு வைப்பது இடைவெளி நேரமே. அதற்கு மேல் வண்டிகள் வந்தால் வரிசை நிற்கவே செய்யும்.

டென்வரிலேயே இன்னொரு விலை கொடுக்கப்பட்டது. நகரின் வடக்கே, தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த எலீரியா, சுவான்சி, குளோப்வில் பகுதிகளின் ஊடே சாலை அமைந்தது. 1964இல் உயர்பாலம் ஒன்று அவர்களின் வீடுகளுக்கிடையே எழுந்தது. நடந்து போன கடைக்கும் பள்ளிக்கும் நடுவே சாலை நின்றது. இரைச்சலும் புகையும் அவர்களுக்கு, விரைவு மற்றவர்களுக்கு. அரை நூற்றாண்டு கழித்து அந்தப் பாலத்தை இடித்து, சாலையைப் பள்ளத்தில் இறக்கி, பள்ளி ஒன்றின் அருகே அதன் மேல் மூடி அமைத்துப் பூங்கா போட்டார்கள். அதற்காகவும் மேலும் சில வீடுகள் இடிபட்டன. ஒரு பிரதேசத்துக்கு இலாபம் என்று கூட்டுத்தொகை போடும்போது, யாருடைய கணக்கில் வரவு, யாருடைய கணக்கில் பற்று என்றும் கேட்கவேண்டும்.

ஒற்றை இழை

கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட கிளென்வுட் இடுக்கிற்கு மீண்டும் வருவோம். இந்த நெடுஞ்சாலையில் கடைசியாக முடிந்த பகுதி இதுதான். 1992 அக்டோபரில் திறக்கப்பட்டது. கொலராடோ ஆறு ஓடும் குறுகிய இடுக்கைப் பாழாக்கக்கூடாது என்று மக்கள் வாதாடியதால், மலையை வெட்டாமல் ஏறத்தாழ நாற்பது பாலங்களின் மேல் சாலையைத் தூக்கி நிறுத்தினார்கள். பொறியியலின் அழகான படைப்பு என்று எல்லோரும் புகழ்ந்தனர்.

2020 ஆகஸ்டில் அங்கே காட்டுத்தீ. பதின்மூவாயிரம் ஹெக்டேர் கருகியது. சாலையும் இரண்டு வாரம் மூடப்பட்டது. தீ அணைந்ததோடு கதை முடியவில்லை. கடுந்தீயில் இலைச்சருகிலிருந்து எழும் மெழுகு போன்ற பொருள்கள் ஆவியாகி, மண்ணுக்குள் இறங்கிக் குளிர்ந்து படியும். அந்த மண்ணில் நீர் ஊறாது. வாழை இலைமேல் விழுந்ததுபோல் ஓடிவிடும். மண்ணைப் பிடித்திருந்த வேர்களும் இல்லை. அடுத்த ஆண்டு மழை வந்தது, மலை சரிந்தது. சாலையைக் கட்டியவர்கள் தம் சாலையைப் பற்றி எண்ணியது சரிதான். ஆனால் சாலையின் உயிர், அதற்கு மேலே ஆயிரம் மீட்டர் உயரத்தில் நிற்கும் காட்டின் கையில் இருந்தது!

ஒரு பிரதேசம் தன் பழத்தையும் பயணத்தையும் பிழைப்பையும் ஒரே இழையில் கோத்துவிட்டால், அந்த இழை எத்தனை வலுவானதாக இருந்தாலும் அது ஒற்றை இழைதான். சாலை வளம் தருகிறது. அதே வேளையில் தன்னையே நம்பியிருக்கவும் செய்கிறது. நல்ல பொறியாளர் சாலையை மட்டும் கட்டுவதில்லை. அது அடைபடும் நாளுக்கு வேண்டிய மாற்றுவழியையும் எண்ணிப் பார்ப்பார். சாலைக்கு மேலே உள்ள மரங்களையும் எண்ணிப் பார்ப்பார்.

சிந்தித்துப் பாருங்கள்

1. லாரியின் 8 டன் அச்சில் கூடுதலாக 2 டன் ஏற்றினால் சாலைச் சேதம் எத்தனை மடங்காகும்? (நான்காம் அடுக்கு விதியைப் பயன்படுத்துக. விடை ஏறத்தாழ இரண்டரை மடங்கு வந்தால் உங்கள் கணக்கு சரி.)

2. சரிவில் இறங்கும் லாரியின் வேகத்தைப் பாதியாக்கினால், பிரேக் அகற்ற வேண்டிய மொத்த ஆற்றல் குறையுமா? ஒரு வினாடியில் அகற்ற வேண்டிய வெப்பம் குறையுமா? இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

3. உங்கள் ஊருக்குப் பால், காய்கறி, மருந்து ஆகியவை எந்தச் சாலை வழியாக வருகின்றன? அந்தச் சாலை ஒரு வாரம் அடைபட்டால் வேறு வழி உண்டா? தேசப்படத்தை விரித்துவைத்துக் கண்டுபிடியுங்கள். கடைக்காரரிடமும் லாரி ஓட்டுநரிடமும் கேளுங்கள். தேசப்படத்தில் இல்லாத பல செய்திகள் அவர்களிடம் கிடைக்கும்.